எந்தத் தாளை எடுப்பது?

(புத்தளம் மாவட்டக் கரையோரப் பாடசாலை ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளை எந்தத் தமிழாசிரியரின் நினைவாக வைக்கப்பட்டதோ அவரைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் நிறையச் சொன்னார்கள். நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சிவப்புப் பேனை செருகாத சட்டைப்பையோடு அவரை யாரும் கண்டதில்லை. நானும் அப்படி ஒரு பேனையோடு இருபது வருடம் அலைந்தவன். ஆகவே இன்றைக்குப் பேசப்போவது அந்தப் பேனை என்னைவிட்டுப் போன கதை, முழுதாகப் போகாத கதையும்தான்.

அழைப்பிதழில் தலைப்பைப் பெரிதாகப் போட்டுவிட்டார்கள்: எழுத்தை ஆராயும் ஒருவர் மீது கோட்பாடுகளின் செல்வாக்கு. வீட்டில் பார்த்துச் சிரித்தார்கள். அதைச் சிறிதாக்கிச் சொல்கிறேன். பரீட்சை முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடிய பிறகு மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். விடைத்தாள்களை எண்ணிக் கட்டி முத்திரை வைக்கிறோம். கீறிப் பார்த்த தாள், கசக்கிப் போட்ட தாள், மேசையில் பென்சிலால் கிறுக்கியது எல்லாவற்றையும் கூட்டித் துடைத்து எறிகிறோம். எதைக் கட்டுவது, எதைக் கூட்டுவது என்று யாரோ முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறார்கள். கோட்பாடு என்று நான் சொல்வது அந்தத் தீர்மானத்தை. ஒவ்வொரு கோட்பாடும் வந்தபோது நான் குனிந்து எடுத்த தாள் மாறியது.

எனக்கு முதலில் வந்த கோட்பாடு ரஷ்யாவிலிருந்தும் வரவில்லை, அமெரிக்காவிலிருந்தும் வரவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவரிடமிருந்து வந்தது. நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குப் பத்துக் குற்றம், பத்து அழகு, முப்பத்திரண்டு உத்தி என்று கணக்கு வைத்திருக்கிறார். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் அவற்றை மனப்பாடம் செய்தோம். குற்றம் பத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அழகில் ஏழுக்கு மேல் இன்றும் திணறல்தான். குற்றத்தைக் கேட்டுப் பரீட்சை வைத்தார்கள், அழகைக் கேட்டு வைக்கவில்லை. கொப்பி திருத்தும்போது 'கூறியது கூறல்' என்று முழுதாக எழுத நேரமில்லாமல் ஓரத்தில் 'கூ. கூ.' என்று போடுவேன். எனக்குக் குயில் சேர் என்று பட்டம் வைத்திருந்தார்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது.

ஆனால் அந்தப் பத்தில் ஒரு குற்றத்தின் பெயர் என்னை விடாமல் உறுத்தியது: சென்று தேய்ந்திறுதல். நன்றாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடிவது. மற்றவை பெரும்பாலும் தாளில் கிடக்கும் பிழைகள். இது எழுதும்போது நடக்கும் ஒன்று. எங்கே தேய்ந்தது, ஏன் தேய்ந்தது, கை ஓய்ந்ததா, சொல்ல வந்தது தீர்ந்ததா, மணி அடித்துவிட்டதா? முடிந்த தாளை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. எழுத்து காலத்தில் நடக்கும் காரியம் என்ற நினைப்பை எனக்குள் போட்டது அந்த ஒரு தொடர்தான். பிற்காலத்துக் கோட்பாட்டைப் பழைய நூலில் இழுத்துப் பொருத்துவதாக நினைக்க வேண்டாம். பவணந்தி பிள்ளைகளின் கட்டுரையைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு உறுத்தியதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இனி ஒரு பையன். தரம் 8. வீடு கடலிலிருந்து நூறு எட்டு இருக்கலாம். கட்டுரைத் தலைப்பு, நீங்கள் எல்லோரும் எழுதியதுதான்: கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது. பையன் எழுதியிருந்தான்: ஞாயிற்றுக்கிழமை பெற்றோருடன் கடற்கரைக்குச் சென்றானாம். கதிரவன் மேற்கு வானில் மறைந்துகொண்டிருந்தானாம். சிறுவர்கள் மணல்வீடு கட்டி விளையாடினார்களாம். ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினார்களாம். அவனுடைய கரையில் ஐஸ்கிரீம் விற்று நான் கண்டதில்லை. கடற்கரைக்குச் 'செல்வது' என்ற செயலே அவன் வாழ்க்கையில் இல்லை. பாடசாலைக்கு வரும்போதுதான் அவன் கடற்கரையை விட்டுச் செல்கிறான். ரியூசன் வகுப்பில் அச்சடித்துக் கொடுத்த கட்டுரையை ஒப்புவித்திருந்தான். நான் இருபதுக்கு ஒன்பது போட்டேன். 'வெற்றெனத் தொடுத்தல்' என்றும் எழுதினேன். அவனுக்கு அது விளங்கியிருக்காது.

அதே மாதம் அவனுடைய மாமாவின் கரைவலை வாடிக்கு மீன் வாங்கப் போனேன். பையன் ஒரு பலகையில் உட்கார்ந்து ஒரு சீஆர் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் வலை இழுத்தவர்களின் பெயர்கள். பக்கத்தில் சரி அடையாளம். பாதி நேரம் நின்றவருக்குப் பாதி அடையாளம், வால் இல்லாமல். 'சூ' என்றால் சூடை, 'கீ' என்றால் கீரி, 'நெ' என்றால் நெத்தலி. கிலோ, விலை, எண்ணெய்க்கும் சாப்பாட்டுக்கும் கழித்தது, முன்காசு வாங்கியவர்களுக்கு ஒரு வட்டம், வலைக்காரச் சம்மாட்டியின் பங்கு, மிச்சம். ஒரு பெயருக்கு எதிரே பென்சிலால் இப்படி இருந்தது: 'இரண்டு மணிக்குப் போனார். மகளுக்குக் காய்ச்சல். அரைப் பங்கு.' 'அரை' என்பதை வெட்டி மேலே, 'மாமா சொன்னது முழுப் பங்கு.'

நாலு வரி. அதில் ஒரு ஆள், ஒரு காய்ச்சல், ஒரு சட்டம், அந்தச் சட்டத்தை மீறிய ஒரு இரக்கம், யார் பொறுப்பில் மீறப்பட்டது என்ற சாட்சி. யார் வாசிப்பார், எதற்கு வாசிப்பார், எங்கே சந்தேகம் எழும் என்று தெரிந்து எழுதிய கை. இதே கைக்குத்தான் நான் ஒன்பது போட்டேன்.

அன்றைக்கு எனக்கு வந்தது வெட்கம். ஆராய்ச்சி பிறகு வந்தது. கொழும்புக்குப் போகும்போதெல்லாம் நூலகத்தில் நிழற்பிரதி எடுத்தேன். பக்கம் தவறிப்போன பிரதிகள். ஒரு நூலில் முக்கியமான அட்டவணைக்கு நேரே நூலகரின் கட்டைவிரல் விழுந்திருந்தது.

முதலில் கையில் பட்டவர்கள் எழுதும் செயலைப் பார்த்தவர்கள். 1971இல் ஜேனற் எமிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எட்டுப் பேரை உட்காரவைத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் சொல்லிப் பார்த்தார். எட்டே பேர். அதுவரை எழுத்தாராய்ச்சி என்றால் முடிந்த தாளைப் பற்றியதாகவே பெரும்பாலும் இருந்தது. அவர் பார்த்ததில் ஒன்று: பாடசாலைக்கு எழுதும் பிள்ளை திட்டமிடுவதும் குறைவு, திருப்பிப் பார்ப்பதும் குறைவு, தனக்கென்று எழுதும்போது அதே பிள்ளை நின்று நிதானிக்கிறது. பிறகு லிண்டா ஃபிளவரும் ஜோன் ஹேய்ஸும் 1981இல் இதை ஒரு மாதிரிப் படமாகவே வரைந்தார்கள். திட்டமிடல், சொல்லாக்கல், மீள்பார்வை. இவை வரிசையில் வருவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து புகுந்து வருகின்றன. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தண்டவாளம் போட்டுக்கொடுத்திருந்த எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது.

நானும் ஒரு பழைய ஒலிப்பதிவுக் கருவியோடு பையனை உட்காரவைத்தேன். "நினைக்கிறதை எல்லாம் வாயால சொல்லிக்கொண்டு எழுது" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். "நினைக்கிறத எப்பிடி சேர் சொல்றது?" நல்ல கேள்வி. அமெரிக்கப் பேராசிரியர்களிடம் யாராவது கேட்டார்களோ தெரியாது. கரைவலையைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். சொன்னான்: "வலைய இழுக்கக்குள்ள மடி கனக்குதெண்டா அம்பா தானா வேகமாகும்." உங்களில் இளையவர்களுக்காக: மடி என்பது வலையில் மீன் சேரும் பை; அம்பா என்பது வலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் பாட்டு. உடப்பில் இன்னும் கேட்கலாம்.

இனி அவன் எழுதியதைப் பாருங்கள். 'வலைய' என்று பேனையை வைத்தான். நிறுத்தினான். 'வலையை' ஆக்கினான். பிறகு அதையும் வெட்டி 'வலையினை'. 'இழுக்கக்குள்ள' என்பதை எழுதவே இல்லை. கொஞ்சம் யோசித்து 'இழுக்கும் வேளையில்'. 'மடி' என்று எழுதி என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வெட்டினான். கடைசியில் தாளில் நின்றது: 'வலையினை இழுக்கும் வேளையில் மீனவர்கள் மகிழ்ச்சியுடன் பாடல்களைப் பாடுவார்கள்.'

மடி போயிற்று. கனம் போயிற்று. கனம் கூடினால் பாட்டு வேகமாகும் என்ற காரண காரியம், அந்த வாக்கியத்தின் உயிர், அதுவும் போயிற்று. மிச்சமாக வந்தது மகிழ்ச்சி. அவன் சொன்னதில் மகிழ்ச்சியே இல்லை. பாரம்தான் இருந்தது.

ஃபிளவரும் ஹேய்ஸும் நடுக்கட்டத்துக்கு வைத்த பெயர் மொழிபெயர்ப்பு என்று பொருள்படும் சொல். நினைப்பைச் சொல்லாக மாற்றுவதை அப்படிச் சொன்னார்கள். நம்முடைய பிள்ளைக்கு இரண்டு மொழிபெயர்ப்பு இருக்கிறது. நினைப்பு பேச்சுத் தமிழாகிறது, பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழாகிறது. இரண்டாவது படகில் ஏற்றும்போது பாதிச் சரக்கு கடலில் விழுகிறது. பேச்சுக்கு ஒரு வழக்கு, எழுத்துக்கு வேறொரு வழக்கு என்ற இரட்டை வழக்கைப் பற்றிச் சாள்ஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெயிற்றி கிரியோல் ஆகிய நான்கை விரித்துப் பேசியது. தமிழுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று மொழியியலாளர்கள் பிறகு நிறைய எழுதிவிட்டார்கள். ஆனால் ஒரு பிள்ளை வரி எழுதும் அந்த நொடியில் அது என்ன செய்கிறது என்பதை நான் அந்த வெட்டுகளில்தான் கண்டேன். அன்றிலிருந்து வெட்டிய தாள்களைக் கூட்டி எறிவதை விட்டேன்.

வைகோட்ஸ்கியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், எல்லா ஆசிரியப் பயிற்சியிலும் அவரைப் போதிய அளவு படுத்திவிட்டோம். காசநோயால் 37 வயதில், 1934இல் இறந்துபோன சோவியத் உளவியலாளர். அவரிடம் நான் எடுத்தது பிரபலமான அந்த 'வளர்ச்சி வலயத்தை' அல்ல. எழுத்துக்கு ஒரு முன்வரலாறு உண்டு, அது பிள்ளையின் கையசைவிலும் விளையாட்டிலும் கீறும் படத்திலும் தொடங்குகிறது என்று சொன்னார். எழுத்துக்களை உருப்போடவைத்து எழுதும் மொழியைக் கற்பித்துவிட்டதாக நினைக்கிறோம் என்று கண்டித்தார். தரம் 1 பிள்ளை தோணி கீறுகிறது. தோணியிலிருந்து இரண்டு கோடு கரைக்கு வருகிறது. கேட்டால் "கயிறு" என்கிறது. கரையில் பத்துப் புள்ளி. "ஆக்கள்." அந்தப் பத்துப் புள்ளியும் எட்டாம் தரத்தில் சீஆர் கொப்பியின் இடப்பக்கப் பெயர்களாகின்றன. இடையில் நாங்கள் பாடசாலை நடத்துகிறோம்.

என்னை முழுதாகப் புரட்டிப் போட்டது இன்னொரு கூட்டம். 1970களில் பிரையன் ஸ்ட்ரீட் என்ற பிரித்தானிய மானுடவியலாளர் ஈரானில் மஷ்ஹத் நகருக்குப் பக்கத்துக் கிராமங்களில் இருந்தார். அரசு எழுத்தறிவுத் திட்டக்காரர்களின் கண்ணில் அந்த ஊர்க்காரர்கள் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆனால் சிறு வயதில் மக்தபில் குர்ஆன் ஓதிப் பழகியவர்கள் அந்தப் பழக்கத்தைப் பழ வியாபாரக் கணக்குக்கும் இலச்சினைக்கும் பட்டியலுக்கும் கொண்டுபோயிருந்தார்கள். எழுத்தறிவு என்பது எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரிப் பொருந்தும் தனித் திறன் என்ற கருத்தை அவர் 1984இல் வந்த நூலில் எதிர்த்தார். யாருடைய எழுத்து எழுத்தாகக் கணக்கெடுக்கப்படுகிறது என்பதில் அதிகாரம் இருக்கிறது என்றார். அதை வாசித்த இரவு எனக்கு வாடிப் பலகையில் இருந்த பையன் நினைவுக்கு வந்தான்.

அதற்கு முன்பே, 1981இல், சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கல் கோலும் லைபீரியாவின் 'வாய்' என்ற இன மக்களைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டிருந்தார்கள். அந்த மக்களிடம் மூன்று எழுத்து இருந்தது. பாடசாலையில் ஆங்கிலம். ஓதும் பள்ளியில் அரபு. மூன்றாவது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களே ஆக்கிக்கொண்ட வாய் எழுத்து. அதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, வீட்டில் தெரிந்தவரிடம் கற்றுக் கடிதமும் கணக்கும் எழுதுவார்கள். எழுத்து தெரிந்தாலே மூளை மாறிவிடும் என்ற பெருங்கூற்று அங்கே தாக்குப்பிடிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் தான் பழக்கியதை மட்டும் கூர்மையாக்கியது. குர்ஆன் ஓதியவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து நினைவில் வைப்பதில் முந்தினார்கள். வாய் எழுத்தில் கடிதம் எழுதிப் பழகியவர்கள் எதிரே இல்லாத ஒருவருக்கு ஒரு விளையாட்டை விளக்கிச் சொல்வதில் முந்தினார்கள். பாடசாலை போனவர்கள் 'ஏன்' என்று கேட்டால் விளக்கம் சொல்வதில்.

கற்பிட்டியிலோ புத்தளத்திலோ ஒரு முஸ்லிம் பிள்ளையின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். மதரஸாவில் வலமிருந்து இடமாக, பொருள் தெரியாமல், பிழையில்லாமல் ஓதுகிறது. பாடசாலையில் இடமிருந்து வலமாகத் தமிழ். பஸ்ஸின் நெற்றியில் சிங்களம். வாப்பாவின் கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்தில் தமிழ். மூத்தம்மாவின் பெட்டியில் அரபுத் தமிழ்க் கிதாபு இருந்தால் இன்னும் விசேஷம்: எழுத்து அரபு, மொழி தமிழ். நாங்கள் பரீட்சையில் இந்தப் பிள்ளைக்குத் தமிழில் எழுதத் தெரியுமா என்று மட்டும் பார்க்கிறோம்.

ஸ்ட்ரீட் போன்றவர்களின் துணையோடு நான் எடுத்த தாள் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் இந்த மாவட்டத்துக்குத்தான் வந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கேயே சிலர் இருக்கிறீர்கள். அப்படி வந்த குடும்பம் ஒன்றில் வயதான தாய் ஒருவரிடம் பேசப் போயிருந்தேன். அவருடைய பேத்தி கட்டுரைப் போட்டியில் பரிசெடுத்ததை விசாரிக்கப் போன இடம். "நான் எழுத்துப் படிக்காதவ சேர்" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு சொப்பிங் பையைக் கொண்டுவந்து பாயில் கவிழ்த்தார். நிவாரண அட்டைகள், கிராம சேவகரின் கடிதங்கள், பிறப்புப் பதிவின் பிரதிகள், வாக்காளர் பட்டியலின் ஒரு கிழிந்த பக்கம், காணிக்கு எழுதிய மனுவின் மூன்று பிரதிகள். மனுவை எழுதியது யாரோ, சொன்னது அவர். "இதுல முதல் எழுதினது சரியில்ல. எங்கட ஊர்ப் பேர் கீழ வந்திட்டுது. மேல போடச் சொல்லித் திரும்ப எழுதுவிச்சன்."

ஒரு வரி வாசிக்கத் தெரியாத ஒருவர் ஒரு மனுவை மீள்பார்வை செய்து, அமைப்பை மாற்றி, இரண்டாம் வரைவு எழுதுவித்திருக்கிறார். எந்தத் தாளைத் தொலைத்தால் எது போகும் என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். இதை எழுத்தாற்றல் என்று சொல்லாவிட்டால் என் ஆய்வுக்கு வேறு பெயர் தேட வேண்டும். பேத்தியின் பரிசுக் கட்டுரை எதைப் பற்றி என்று கேட்க மறந்துவிட்டேன்.

நம்மவர் ஒருவரிடம் வருகிறேன். சுரேஷ் கனகராஜா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். போர்க் காலத்தில் அங்கிருந்து அமெரிக்கா போய்ப் பின்னர் பென்சில்வேனிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தன் வகுப்பு மாணவர்களின் அமெரிக்க ஆங்கிலப் பாடநூல்களை வாங்கி அவர் பார்த்தது பாடத்தையல்ல, ஓரத்தை. அங்கே படங்கள், போர்க் கால வாசகங்கள், காதல் குறும்பு, சினிமா வசனம். வகுப்பில் வாய் திறக்காமல் இருந்தவர்கள் ஓரத்தில் பாடநூலோடு வாதாடிக்கொண்டிருந்தார்கள். 1999இல் வந்த அவருடைய நூலில் இது விரிவாக இருக்கிறது. அதை வாசித்த பிறகு நான் பாடநூல் ஓரங்களைப் பார்க்கத் தொடங்கினேன். சீருடைக்காரப் படம் ஒன்றுக்கு மீசை, மீசைக்கு மேலே என் பட்டம், 'கூ. கூ.' எனக்குச் சேர வேண்டியது சேர்ந்தது.

அவருடைய இன்னொரு நூல், 2002இல் வந்தது, கல்வியுலக எழுத்தின் உலக அரசியலைப் பற்றியது. வெளிநாட்டு ஆய்விதழ் கட்டுரையைப் பல பிரதிகளில், நல்ல தாளில், இன்ன முறையில் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்கிறது. மின்சாரம் இல்லாத, தாளுக்கே தட்டுப்பாடான ஊரில் இருக்கும் அறிஞருக்குச் சிந்தனை குறைவா, தாள் குறைவா? எழுத்தை ஆராய்ந்தவர்களில் தாளையே, வெறுந்தாளையே, கையில் எடுத்துக் காட்டியவர் என்ற அளவில் அவர்மேல் எனக்குத் தனி மதிப்பு. கனகராஜாவுக்கு முன்பே ரொபேட் கப்லன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1966இல் ஒவ்வொரு பண்பாட்டாரும் கட்டுரை எழுதும் விதத்தைக் கோடாக வரைந்து காட்டினார். ஆங்கிலேயருக்கு நேர்கோடு, கிழக்கத்தியருக்குச் சுருள். பின்னால் அவரே அதைத் தளர்த்திக்கொண்டார். கனகராஜாவின் மறுமொழி எனக்குப் பிடித்தது: ஒரே எழுத்தாளர் எந்த வாசகருக்கு, எந்த மொழியில், எந்தக் களத்தில் எழுதுகிறார் என்று பார், கோடு மாறிக்கொண்டே போகும், மொழி அவரைச் சிறைவைப்பதில்லை, அவர் மொழிகளுக்கு நடுவே போய்வருகிறார்.

போய்வந்தவர் ஒருவர் நம் கரையிலேயே இருந்தார். கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி. அரச சேவையில் மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கி, மணியகாரராகி, சிலாபத்தில் நீதிபதியானவர். 1834இல் இலங்கையின் ஊர்களையும் மக்களையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு விவரத் திரட்டு. 1841இல் 'உதயாதித்தன்' என்று தமிழில் ஒரு சஞ்சிகை. 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி, வாழ்க்கை வரலாறுகள் எழுதிய கிரேக்கப் புளூட்டாக்கின் பெயரை அதற்கு இட்டார். தமிழ்ப் புலவர்களைத் தமிழருக்குச் சொல்ல அந்தப் பெயர் வேண்டியதில்லை. யார் வாசிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து வைத்த பெயர் அது. நிருவாகத்தில் இருந்தவர், யார் பங்கு யாருக்கு என்று கணக்கெழுதும் கை அவருக்கும் இருந்திருக்கும்.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டால், பிள்ளைகளைப் பேசுவதுபோல் எழுதவிட்டால் போதும் என்று தோன்றும். எனக்கும் ஒரு காலம் அப்படித் தோன்றியது. அதனால் ஒரு பிள்ளைக்குக் கெடுதல் செய்தேன்.

உப்பளத்தில் வேலை செய்யும் தாயின் மகள். நல்ல கண். உப்பு வாரும்போது கால் வெடிப்பில் எரிவதை, வெயில் கீழேயிருந்தும் அடிப்பதை, அவள் தன் பேச்சிலேயே எழுதினாள். நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். "இப்பிடியே எழுது" என்றேன். பரீட்சையிலும் இப்படியே எழுதினாள். திருத்தியவர் யாரோ, வழு வழு என்று வட்டம் போட்டு, சித்தி மட்டும் போட்டு விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருபது வருடம் நானும் அதே வட்டத்தைப் போட்டவன். தாய் வேலை முடிந்த கையோடு வீட்டுக்கு வந்தார், காலில் உப்பு காய்ந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சேர், நீங்க அந்தத் தமிழப் படிச்சிட்டீங்க. எங்கட பிள்ளைக்கு அதக் குடுக்காம விட்டிட்டீங்களே."

லிசா டெல்பிற் என்ற ஆபிரிக்க அமெரிக்கக் கல்வியாளர் 1988இல் எழுதிய கட்டுரை ஏறக்குறைய இந்தத் தாயின் கோபம்தான். முற்போக்கு ஆசிரியர்கள் கறுப்பினப் பிள்ளைகளிடம் சுதந்திரமாக எழுது என்கிறார்கள்; அதிகாரத்தின் விதிகளோ அவர்களுடைய சொந்தப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கிடைத்துவிடுகின்றன; விதி தெரியாத பிள்ளைக்கு அதை வெளிப்படையாகச் சொல்லிக்கொடுப்பது கடமை என்றார். நிழற்பிரதி நூறு பக்கம் வாசித்து நான் அடைந்த இடத்துக்கு அந்தத் தாய் செருப்பில்லாமல் வந்துவிட்டார்.

அதன் பிறகு வகுப்பில் இரண்டையும் கரும்பலகையில் போட்டேன். இடப்பக்கம் 'மடி கனக்குதெண்டா'. வலப்பக்கம் அதற்கு எழுத்துத் தமிழ். ஒரு நிபந்தனை: மடியும் இருக்க வேண்டும், கனமும் இருக்க வேண்டும், வேகமும் இருக்க வேண்டும். 'மடி கனத்தால் அம்பா தானாகவே வேகம் கொள்ளும்' என்று ஒரு பெண்பிள்ளை எழுதினாள். பையன்கள் சண்டை பிடித்தார்கள்: "'கொள்ளும்' எதுக்குடீ, 'வேகமாகும்' போதும்." 'வேகமாகும்' எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்று ஒரு பாடவேளை முழுக்க வாதாடினோம். நான் வகுப்பெடுத்ததில் அதுவே நல்ல பாடவேளை. 'மகிழ்ச்சியுடன்' என்ற சொல்லை அன்று யாரும் தொடவில்லை. நான் பவணந்தியின் அழகு பத்தையும் அந்த வாரம்தான் முழுதாகத் திரும்பப் படித்தேன். சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் முதலிரண்டு. காய்ச்சல் வந்த மகளின் தகப்பனைப் பற்றிய நாலு வரிக்கு அவர் என்ன மதிப்பெண் போட்டிருப்பார் என்று யோசித்தேன்.

சீஆர் கொப்பியை ஆய்வுக்கென்று ஒருமுறை பையனிடம் இரவல் வாங்கியிருந்தேன். இரண்டு நாளில் தருகிறேன் என்று சொல்லி ஒன்பது நாளாயிற்று. மாமா ஆள் அனுப்பினார்: "சேர், வெள்ளிக்கிழமை பங்கு பிரிக்கோணும், கொப்பிய அனுப்புங்க." பாதிப் பக்கம் நிழற்பிரதி எடுத்தபடி, மிச்சத்தை விட்டுவிட்டு, நானே கொண்டுபோனேன்.

பையன் பலகையில் உட்கார்ந்து கொப்பியை விரித்தான். நான் வைத்திருந்த நாட்களின் கணக்கு அவனிடம் ஒரு தாளில் இருந்தது. சட்டைப்பையிலிருந்து எடுத்தான், நாலாக மடித்து மீன் வாடை ஏறிப்போயிருந்தது. பெயர்கள், சரி அடையாளம், சூ, கீ, நெ. பார்த்துப் பார்த்துக் கொப்பியில் ஏற்றினான். நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் அச்சு: ரியூசன் வகுப்பில் கொடுத்த 'கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது'. கதிரவன் மேற்கு வானில் மறைந்துகொண்டிருந்தான்.

"இத நான் எடுக்கட்டா?" என்றேன்.

"கொஞ்சம் பொறுங்க சேர்" என்றான். கடைசிப் பெயரையும் ஏற்றி, கூட்டிப் பார்த்து, சரி போட்டான். பிறகு தாளை இன்னும் இரண்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த தராசு மேசையின் காலுக்கு அடியில் வைத்து அழுத்தினான்.